தானியம் கடந்த எல்லைகள் – 14: ஐந்து இரவுத் தூரம்

சென்ற வாரம் கோயம்புத்தூர்ப் பருத்திக் காட்டில் நிறுத்தியிருந்தோம். 1919-ல் சென்னை மாகாணம் ஒரு வேளாண் பூச்சி, நோய்ச் சட்டம் கொண்டுவந்தது. கம்போடியாப் பருத்தி போட்டவர்கள் ஆகஸ்ட் முதல் தேதிக்குள் பழைய செடியை வேரோடு பிடுங்கிவிட வேண்டும் என்று அதன்கீழ் ஆணை வந்தது. சில வாரமாவது நிலத்தில் பருத்தியே இல்லாமல் போனால் புழுவுக்குத் தின்ன எதுவும் இருக்காது என்பது கணக்கு.

அதற்கு முந்தைய இரண்டு படிகளையும் பார்த்தோம். மெக்சிகோவின் காய்க் கூன்வண்டு அமெரிக்கப் பருத்தியோடு இங்கே வந்துவிடும் என்ற அச்சத்தில், இறக்குமதிப் பொதிகளுக்கு நச்சுப் புகை போட்டே உள்ளே விடவேண்டும் என்று 1906-ல் விதித்தார்கள். 1914 பிப்ரவரியில் அழிவு தரும் பூச்சிகள் சட்டம் வந்தது. அதே 1914-ல்தான் பூச்சியியலாளர் ஃப்ளெட்சர் எழுதிய தென்னிந்தியப் பூச்சிகள் பற்றிய பெரிய நூலும் வெளியானது. யார் யார் நம் பயிரைத் தின்கிறார்கள் என்று எண்ணி முடிப்பதும், புதிதாக யாரும் வராமல் கதவைச் சாத்துவதும் ஒரே ஆண்டில் நடந்தன.

கப்பலில் வருவதைத் தடுக்கப் பிறந்த விதிகளுக்கெல்லாம் அடியில் ஒரே நம்பிக்கை இருந்தது. பூச்சி ஏதாவது ஒரு பொருளில் ஏறித்தான் ஊர்விட்டு ஊர் வரும். பொதியில் வரும், மூட்டையில் வரும், விதையில் வரும், வேர்மண்ணில் வரும். பொருளை நிறுத்தினால் பூச்சி நிற்கும்.

நூறு ஆண்டுக்குப் பிறகு அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்த இடம் பெரம்பலூர்.

கரிசலில் வந்த மஞ்சள்

பெரம்பலூரும் அரியலூரும் பழைய திருச்சி மாவட்டத்தின் வடகிழக்குப் பகுதி. 1995 நவம்பரில் பெரம்பலூர் தனி மாவட்டமானது. அரியலூர் 2001-ல் பிரிந்தது, 2002-ல் மீண்டும் சேர்ந்தது, 2007 நவம்பரில் மறுபடி பிரிந்தது. கோடுகள் இப்படி மாறி மாறி விழுந்தாலும் மண் ஒன்றுதான். வேப்பந்தட்டையிலும் குன்னத்திலும் கால் வைத்தால் கரிசல். மழை பெய்தால் செருப்போடு ஒட்டிக்கொள்ளும், காய்ந்தால் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும்.

ஆற்றுப் பாசனம் அதிகம் இல்லாத மேட்டு நிலம் இது. மானாவாரிதான் பெரும்பாலும். சோளம், கம்பு, வரகு, பருத்தி என்று வானத்தைப் பார்த்து விதைத்த ஊர்கள். வேப்பந்தட்டையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது என்பதே இங்கே எந்தப் பயிர் அரசாண்டது என்பதற்குச் சாட்சி.

பிறகு மக்காச்சோளம் வந்தது. கோழிதான் அதைக் கொண்டுவந்தது என்று சொன்னால் மிகையில்லை. நாமக்கல் பண்ணைகளுக்குத் தீவனம் வேண்டும். தீவனத்தில் பாதிக்கு மேல் மக்காச்சோளம். பெரம்பலூரிலிருந்து நாமக்கல்லுக்கு லாரி அரை நாளில் போய்த் திரும்பிவிடும். பருத்திக்கு அடிக்கிற மருந்துச் செலவும் காய் பறிக்கிற ஆள் கூலியும் இதற்கு இல்லை. ஆவணி, புரட்டாசியில் விதைத்தால் தையில் அறுவடை. தமிழ்நாட்டில் மிக அதிகப் பரப்பில் மக்காச்சோளம் விளையும் மாவட்டமாகப் பெரம்பலூர் வளர்ந்தது இப்படித்தான்.

தை, மாசியில் திருச்சி – சென்னை நெடுஞ்சாலையில் போனவர்கள் பார்த்திருப்பார்கள். சாலையோரம் நெடுக மஞ்சளாக விரித்துக் காயப்போட்டிருப்பார்கள். காலால் கிளறிக்கொண்டே ஒரு அம்மா நடப்பார். களம் இல்லாத ஊர்களுக்கு அந்தத் தார்ச்சாலைதான் களம். எனக்கு அந்தக் காட்சி எப்போதும் ஒரு ஊரின் வங்கிக் கணக்கைத் திறந்து வைத்தது போலத் தோன்றும்.

2018 புரட்டாசியில் விதைத்தவர்களுக்கும் அந்தத் தை நினைவில் இருந்திருக்கும்.

வைகாசியில், சிவமோகாவில்

கதை ஐந்து மாதம் முன்னால் வேறு மாநிலத்தில் தொடங்கியது.

2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமோகாவில், வேளாண், தோட்டக்கலை அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பூச்சியியலாளர்கள் மக்காச்சோள வயலில் இருந்து ஒரு புழுவை எடுத்துவந்தார்கள். தலையில் ஆங்கில ஒய் எழுத்தைத் தலைகீழாகப் போட்டது போன்ற வெளிர்க் கோடு. வால் பக்கத்துக்குச் சற்று முன்னே, சதுரத்தின் நான்கு மூலை போல நான்கு கரும்புள்ளிகள்.

இந்தியப் புழுக்களில் அப்படி ஒன்று இல்லை.

அமெரிக்கக் கண்டத்தின் புழு அது. ஸ்போடோப்டெரா ஃப்ருஜிபெர்டா என்பது அறிவியல் பெயர். கூட்டமாகத் திரண்டு வயலைத் தின்றுகொண்டே நகர்வதால் அங்கே படையோடு ஒப்பிட்டுப் பெயர் வைத்தார்கள்; நமக்கும் அது படைப்புழு ஆயிற்று. 2016 ஜனவரி வரை இந்தப் புழு அட்லாண்டிக்கைத் தாண்டியதாகப் பதிவில்லை. அந்த மாதம் நைஜீரியாவில் கண்டார்கள். இரண்டே ஆண்டில் ஆப்பிரிக்காவில் நாற்பதுக்கு மேற்பட்ட நாடுகளில் அது இருந்தது.

ஜூலையில் பெங்களூருவின் தேசிய வேளாண் பூச்சி வள மையம் மரபணுவைச் சோதித்து உறுதி செய்தது. ஜூலை 30-ல் எச்சரிக்கை வெளியிட்டது. வைகாசியில் கையில் கிடைத்தது, ஆடியில் நாடு முழுவதற்கும் சொல்லப்பட்டது. ஒரு புதிய உயிரை அடையாளம் காண இது நீண்ட காலம் இல்லை. ஆனால் அந்தப் புழுவின் நாட்காட்டி வேறு. முட்டையிலிருந்து மூன்றாம் நாள் புழு. இரண்டு, மூன்று வாரத்தில் மண்ணுக்குள் கூட்டுப்புழு. ஒரு மாதத்துக்குள் மறுபடி அந்துப்பூச்சி. ஒரு தாய்ப்பூச்சி தன் வாழ்நாளில் ஆயிரத்துக்கு மேல் முட்டையிடும். மே மாதத்திற்கும் ஜூலைக் கடைசிக்கும் நடுவே இரண்டு தலைமுறை கடந்திருக்கும்.

குருத்துக்குள்

பெரம்பலூர்ப் பயிர் முழங்கால் உயரம் வந்தபோது இலையில் ஓட்டைகள் தெரிந்தன.

மக்காச்சோளத்தில் ஓட்டை புதிதல்ல. தண்டுத் துளைப்பான் குருத்தைக் கடித்தால், சுருண்ட இலை விரியும்போது ஊசியால் குத்தியது போல வரிசையாகத் துளைகள் இருக்கும். எல்லோரும் பார்த்துப் பழகியது. இந்த முறை துளைகள் ஊசித் துளைகளாக இல்லை. முதலில் இலையின் பச்சை மட்டும் சுரண்டப்பட்டு, கண்ணாடித் தாள் போல வெள்ளைத் திட்டுகள். சில நாளில் கிழிசல்கள். பிறகு குருத்தை விரித்தால் ஈர மரத்தூள் போல எச்சம் அடைத்துக் கிடந்தது, அதற்கு அடியில் ஒரே ஒரு புழு.

ஒரே ஒன்று என்பதற்குக் காரணம் உண்டு. ஒரு குருத்துக்குள் இரண்டு வளர்ந்த புழுக்கள் சந்தித்தால் ஒன்று மற்றதைத் தின்றுவிடும். எனவே சின்ன வயதிலேயே பிரிந்துவிடுகின்றன. பொரித்த குஞ்சுப் புழு வாயிலிருந்து நூல் விட்டுத் தொங்கும். காற்று அடித்தால் அடுத்த செடி. ஓர் இலையில் இட்ட நூறு முட்டையிலிருந்து நாலா பக்கமும் நூறு செடிக்குக் குடியேற்றம்.

எச்சம்தான் அதன் கோட்டைக் கதவு. மேலே மருந்து தெளித்தால் எச்சத்தில் பட்டு நிற்கும், புழுவைத் தொடாது. பகலில் அது உள்ளேயே இருக்கும், இரவில்தான் மேலே வந்து தின்னும். பகல் பத்து மணிக்கு விசைத்தெளிப்பானோடு வயலில் இறங்கியவர் தெளித்தது பெரும்பாலும் ஆளில்லாத வீட்டுக் கூரையில்.

இரண்டு முறை, மூன்று முறை அடித்தார்கள். கடைக்காரர் கொடுத்ததை அடித்தார்கள். முந்தைய ஆண்டு, 2017-ல், இதே பெரம்பலூர்ப் பகுதியில் பருத்திக்கு மருந்து தெளித்த உழவர்கள் சிலர் நச்சேறி இறந்திருந்தார்கள். அந்த நினைவு ஆறும் முன்பே, அதைவிட உயரமாக வளரும் பயிருக்குள், முகத்துக்கு நேரே மருந்துப் படலம் மிதக்க நடக்கவேண்டி வந்தது. மருந்து இல்லாதவர்கள் மணலைக் குருத்துக்குள் ஒவ்வொரு பிடியாகப் போட்டார்கள். அது அறியாமை இல்லை. மணல் உராய்ந்து புழு சாகும். அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் சிறு உழவர்கள் செய்தது அதுதான். ஆனால் ஓர் ஏக்கரில் இருபதாயிரத்துக்கு மேல் செடி. எத்தனை பிடி?

நவம்பர் 16-ம் தேதி அதிகாலை கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரை கடந்தது. தமிழ்நாட்டின் கண் முழுவதும் விழுந்த தென்னைகள் பக்கம் திரும்பியது, திரும்பவும் வேண்டும். மேட்டு நிலத்தில் சத்தமே இல்லாமல் நடந்துகொண்டிருந்த அழிவை அந்த வாரங்களில் யார் பார்த்திருப்பார்கள்? புயல் ஒரே இரவில் முறிக்கிறது, படம் எடுக்கலாம். புழு அறுபது நாளில் தின்கிறது. வெளியே இருந்து பார்த்தால் வயல் பச்சையாகத்தான் இருக்கும். கதிரை உரித்தால்தான் தெரியும்.

பிறகு மாவட்ட ஆட்சியரகங்களின் முன் கதிரில்லாத தட்டைகளோடு உழவர்கள் வந்தார்கள். அரசு கணக்கெடுத்தது. படைப்புழு பாதித்த மக்காச்சோளத்துக்கென்று மாநில அரசு அறிவித்த நிவாரணம் சுமார் 186 கோடி ரூபாய். தமிழ்நாட்டில் ஒரு பூச்சியின் பெயரால் இப்படி ஒரு தொகை ஒதுக்கப்பட்டது அரிது.

எதில் வந்தது?

ஊர்களில் அப்போது ஒரு கேள்விதான். இது எதில் வந்தது?

விதைப் பையில் வந்தது என்றார்கள் சிலர். ஒட்டுவிதை அத்தனையும் வெளியூர்க் கம்பெனிப் பையில் வருகிறது. பழைய விதையாக இருந்தால் இந்தப் புழு வந்திருக்குமா என்ற ஆதங்கம் அதில் இருந்தது. இறக்குமதித் தானியத்தில் வந்தது என்றார்கள் வேறு சிலர். இரண்டாவது சந்தேகத்துக்கு இந்தியாவில் ஒரு பழைய நியாயம் உண்டு. பார்த்தீனியம்.

1950-களின் நடுவில் புணேயில் முதலில் கண்ணில் பட்ட அந்தக் களை, அமெரிக்காவிலிருந்து வந்த கோதுமையோடு வந்தது என்றே நாம் படித்து வளர்ந்தோம். அமெரிக்க உணவுத் தானிய உதவிக்கான பி.எல்.480 ஒப்பந்தத்தையே குற்றவாளியாகக் காட்டுவது வழக்கம். ஆனால் அந்த ஒப்பந்தம் கையெழுத்தானது 1956 ஆகஸ்டில். களை அதற்கு முன்பே பார்க்கப்பட்டதாகப் பதிவு இருக்கிறது. 1951 முதலே அமெரிக்கக் கோதுமை வந்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். தானியத்தில் களை விதை கலந்து வரும் என்பது உண்மை. எந்தக் கப்பலில் என்று விரலை நீட்டுவதில்தான் நாம் அவசரப்படுகிறோம்.

படைப்புழு விஷயத்தில் அந்த அவசரத்துக்கு இடமே இல்லை. புழுவின் வாழ்க்கையைப் பாருங்கள். தாய்ப்பூச்சி பச்சை இலையில் முட்டையிடும். புழு பச்சை இலையையும் பால் பிடித்த கதிரையும் தின்னும். பிறகு மண்ணில் இரண்டு, மூன்று விரல் ஆழத்தில் கூடு கட்டும். காய்ந்து கல்லான மணியில் அதற்குத் தின்ன ஒன்றுமில்லை, தங்க இடமும் இல்லை. விதைப் பையில் இருக்கும் மருந்து பூசிய விதையில் அது வாழ முடியாது.

2018 ஏப்ரலில், சிவமோகாவில் புழு கிடைப்பதற்குச் சில வாரம் முன்பு, ஐரோப்பிய ஒன்றியம் இதே புழுவுக்காக அவசர ஆணை ஒன்று போட்டது. ஆப்பிரிக்காவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வரும் குடைமிளகாய், கத்தரி, பாகல், மக்காச்சோளச் செடி எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு. மக்காச்சோளத்துக்கு நேரே ஒரு விலக்கு எழுதியிருந்தார்கள்: தானியம் நீங்கலாக.

அந்த விலக்கைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பெரம்பலூர் நினைவுக்கு வரும். மூட்டையைச் சந்தேகித்துச் சந்தேகித்து நாம் எழுதிய விதிகளின் வரலாற்றில், அந்த ஓர் ஆணை மூட்டைக்குக் குற்றமில்லை என்று விடுதலை கொடுத்தது.

ஐந்து இரவு

அப்படியானால் சிவமோகாவிலிருந்து பெரம்பலூருக்கு எப்படி வந்தது?

நேர்கோட்டில் அளந்தால் இரண்டு ஊர்களுக்கும் நடுவே 450 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். படைப்புழுவின் அந்துப்பூச்சி ஒரே இரவில் 100 கிலோமீட்டர் பறக்கக்கூடியது. தன் முதல் முட்டையை இடுவதற்கு முன்பே 500 கிலோமீட்டர் வரை போய்விடும் என்பது ஆய்வாளர்களின் கணக்கு. மேற்கிலிருந்து பருவக்காற்று வீசும் மாதங்கள் அவை. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். இரண்டு விரல் அகலமுள்ள பூச்சிக்கு அந்தக் காற்று எத்தனை பெரிய வண்டி!

ஐந்து இரவுத் தூரம். எந்தச் சோதனைச் சாவடியிலும் நிற்காத ஐந்து இரவு.

மாநில எல்லையை மூடி, கர்நாடக மக்காச்சோளத்தை நிறுத்தியிருக்கலாமே என்று இன்றும் கேட்பவர்கள் உண்டு. 1914 சட்டத்தில் அதற்கு அதிகாரம் இருக்கிறது. மாநிலத்துக்கு மாநிலம் செடி, விதை, கிழங்கு போவதைத் தடுக்கலாம். அப்படித் தடுத்ததற்குத் தமிழ்நாட்டிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. 1961-ல் நீலகிரி உருளைக்கிழங்கு வேரில் நூற்புழுக் கூடுகளைக் கண்டார்கள். கடுகைவிடச் சிறிய அந்தக் கூட்டுக்குள் நூற்றுக்கணக்கான முட்டைகள், பல ஆண்டு மண்ணில் உறங்கும். ஆனால் நூற்புழு நடக்காது, பறக்காது. கிழங்கில் ஒட்டிய மண்ணோடுதான் மலையிறங்க முடியும். நீலகிரி விதைக்கிழங்கு வெளியே போகத் தடை வந்தது. விதி இங்கே பூச்சியின் காலைப் பார்த்து எழுதப்பட்டது.

படைப்புழுவுக்குக் கால் முக்கியமே இல்லை. எல்லையை மூடியிருந்தால் நாமக்கல் பண்ணைகளுக்கு வரும் லாரி நின்றிருக்கும், பூச்சி நின்றிருக்காது. எந்த மாநிலமும் தானிய லாரியைப் படைப்புழுவின் பெயரால் நிறுத்தவில்லை. சரியான முடிவு என்றே நான் எண்ணுகிறேன். ஆனால் நூறு ஆண்டாக நாம் கட்டிய காவலுக்கு ஒரு பக்கம் சுவரே இல்லை என்பதை அந்த முடிவு ஒப்புக்கொண்டது. சுவர் இல்லாத அந்தப் பக்கத்தில் நின்றவர்கள் மானாவாரி உழவர்கள்.

2018-லேயே இலங்கையிலும் படைப்புழுவைக் கண்டார்கள். அங்கே அதற்குச் சேனா என்று பெயர். 2019 ஜனவரியில் சீனாவின் யுன்னான். 2020 தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் வடகோடித் தீவுகள். உலகிலேயே கடுமையான பயிர்க்காவல் விதிகள் உள்ள நாடு என்று ஆஸ்திரேலியாவைச் சொல்வோம். அங்கும் நிற்கவில்லை.

வயலில் செய்ய வேண்டியவற்றைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அடுத்த பருவத்துக்குள் வகுத்தது. கோடை உழவு போட்டு மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழுவைப் பறவைக்குக் காட்டுவது. கடைசி உழவில் ஹெக்டேருக்கு 250 கிலோ வேப்பம்புண்ணாக்கு. வரப்போரம் தட்டைப்பயறு, எள், துவரை. பத்து வரிசைக்கு ஒருமுறை 75 சென்டிமீட்டர் இடைவெளி விட்டால் ஆள் நடந்து குருத்துக்குள்ளேயே மருந்தை ஊற்றலாம். இந்தக் கடைசி யோசனையைப் பாருங்கள். எல்லையில் வைக்க முடியாத காவலை வயலுக்குள் வரிசைக்கு நடுவே வைத்தார்கள்.

மூட்டையில் வருபவர்கள்

மூட்டைக்கு விடுதலை கிடைத்தது இந்த ஒரு வழக்கில் மட்டும். மற்ற வழக்குகள் அப்படியே இருக்கின்றன.

அவற்றில் முதல் குற்றவாளி நம் வீட்டுப் பிள்ளை. கப்ரா வண்டு. இந்தியத் துணைக்கண்டமே அதன் தாயகம் என்று கருதுகிறார்கள். அதன் வண்டு பறக்காது, பல நாள் வாழாது. அழிவைச் செய்வது அதன் புழு. மயிர் அடர்ந்த, அரிசி நீளம்கூட இல்லாத அந்தப் புழு, உணவு இல்லாவிட்டால் கிடங்குச் சுவரின் வெடிப்பிலும் சாக்கின் தையலிலும் போய் ஒடுங்கிக்கொள்ளும். ஆண்டுக்கணக்கில் பட்டினி கிடக்கும். தானியம் மறுபடி வந்ததும் எழுந்துகொள்ளும். தானே ஒரு வயல் தூரம்கூடப் பறக்காத பூச்சி, சாக்கில் ஏறிக் கண்டங்களைக் கடந்தது.

1953-ல் கலிஃபோர்னியாவின் தானியக் கிடங்குகளில் அதைக் கண்டபோது அமெரிக்கர்கள் செய்ததை நினைத்தால் இன்றும் வியப்புதான். கிடங்குகளை முழுமுழுதாகத் தார்ப்பாயால் போர்த்தி, உள்ளே மீத்தைல் புரோமைடு வாயுவை நிரப்பினார்கள். அந்த வேலை 1966 வரை நடந்தது. சுமார் 1 கோடியே 10 லட்சம் டாலர் செலவு. ஒரு நாட்டிலிருந்து ஒரு கிடங்குப் பூச்சியை முழுவதும் துடைத்தெடுத்த அரிய கதை அது.

அதற்குப் பிறகு அவர்கள் எழுதிய விதிகளில் பழைய சணல் சாக்கு இருந்தது. பம்பாயிலிருந்து வரும் பித்தளைச் சாமான்களும் மரத் தட்டிகளும்கூட அந்தப் பட்டியலில் இருந்தன. பொதி கட்டும்போது இடுக்கில் திணிக்கிற சாக்குத் துண்டுக்குப் பயந்தார்கள். 2011 முதல், கப்ரா உள்ள நாடுகளிலிருந்து போகிறவர்கள் பெட்டியில் அரிசி எடுத்துச் செல்லவும் அங்கே தடை. மகள் பிரசவத்துக்குப் போகும் அம்மாவின் பெட்டியிலிருந்து அரிசிப் பையை எடுத்து வைத்துக்கொள்ளும் விமான நிலைய அதிகாரி, அந்தத் தார்ப்பாய்க் கிடங்குகளின் நினைவைத்தான் காவல் காக்கிறார். எடுத்துப்போன அம்மாவுக்கு அது தெரிய வழியில்லை, அவமானமாகத்தான் இருக்கும்.

நம் வீடுகளிலும் அந்த அறிவு இல்லாமல் போகவில்லை. குதிருக்கு உள்ளே சாணமும் செம்மண்ணும் பூசி வெடிப்பை அடைப்பது, நொச்சி இலையையும் வேப்பிலையையும் அடுக்குவது, பயறை நல்ல வெயிலில் காயப்போட்டு எடுத்து வைப்பது எல்லாமே இந்த வெடிப்புவாசிகளுக்கு எதிரான காவல்தான். குதிர் போய்ச் சாக்கு வந்தபோது வெடிப்பு சுவரிலிருந்து தையலுக்கு இடம் மாறியது. ஒரே சாக்கு எத்தனை கை, எத்தனை ஊர், எத்தனை கிடங்கு பார்க்கிறது என்று கணக்கு வைப்பவர் யாருமில்லை.

மக்காச்சோளத்துக்கென்றே ஒரு வண்டும் இருக்கிறது. பெரிய தானியத் துளைப்பான். மெக்சிகோவும் நடு அமெரிக்காவும் அதன் ஊர். 1970-களின் கடைசியில் அது தான்சானியாவுக்கு வந்து சேர்ந்தது, 1984-ல் டோகோவில் தெரிந்தது. பிறகு தானிய வணிகம் போன பாதையிலேயே நாடு நாடாகப் போனது. வீட்டில் தொங்கவிட்ட கதிரை மாவாக்கிவிடும். படைப்புழு போலக் காற்றில் வந்ததல்ல, வண்டியில் வந்தது. இந்தியா எப்போதும் கதவுக்கு வெளியே வைத்திருக்க நினைக்கும் பூச்சிகளில் ஒன்று இது.

இந்தக் கதவுக்கு 2003 நவம்பரில் புதுப் பூட்டு போட்டார்கள். அந்த ஆண்டின் பயிர்க்காவல் ஆணை, எந்த நாட்டிலிருந்து எந்தப் பொருள் என்ன நிபந்தனையோடு வரலாம் என்று நீண்ட பட்டியல் போட்டது. இறக்குமதி அனுமதி வேண்டும். அனுப்பும் நாடு பயிர்நலச் சான்று தரவேண்டும். புகைமூட்டம் போட்டிருக்கவேண்டும். இங்கே துறைமுகத்தில் மீண்டும் சோதனை.

தையில் வராத மஞ்சள்

2019 தையில் பெரம்பலூர்ச் சாலையோரம் மஞ்சள் மெலிந்திருந்தது.

வேறு மாநிலங்களிலும் புழுவும் வறட்சியும் விளைச்சலைக் குறைத்திருந்தன. விலை ஏறியது. விலை ஏறியபோது விற்க மக்காச்சோளம் வைத்திருந்தவர்கள் பெரம்பலூரில் குறைவு. அந்த ஆண்டின் மிகக் கசப்பான கணக்கு இதுதான் என்பேன். விளைச்சல் இருந்த ஆண்டுகளில் விலைக்கு ஏங்கிய ஊர்கள், விலை வந்த ஆண்டில் தட்டையை மாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தன.

நாமக்கல் தவித்தது. கோழிக்கு நாளைக்கு என்று சொல்ல முடியாது. தீவனக்காரர்களும் பண்ணையாளர்களும் டெல்லியில் கதவைத் தட்டினார்கள். 2019 ஜூனில் மத்திய அரசு சலுகை வரியாக 15 சதவிகிதத்தில் ஒரு லட்சம் டன் மக்காச்சோளம் இறக்குமதி செய்ய அனுமதித்தது. ஜூலையில் மேலும் நான்கு லட்சம் டன். மரபணு மாற்றாத மக்காச்சோளமாக இருக்கவேண்டும் என்பது நிபந்தனை.

இந்த இடத்தில் சற்று நின்று பார்க்கவேண்டும்.

ஒரு பூச்சி காற்றில் வந்தது. எந்த விதியாலும் அதை நிறுத்த முடியவில்லை. அது தின்ற இடத்தை நிரப்ப, கடல் கடந்து தானியம் வரவேண்டியதாயிற்று. காற்றில் வந்த பூச்சிக்கு முன்னால் கைகட்டி நின்ற அந்தப் பழைய சட்டம், இப்போது தான் யாருக்காக எழுதப்பட்டதோ அந்த மூட்டையின் எதிரில் வந்து நிற்கிறது. 1906-ன் விதி பருத்திப் பொதியின் முன் நின்றது போலவே.

துறைமுகத்தில் சோதிப்பவர் செய்வதை ஒருமுறை பார்த்தால் மறக்காது. நீண்ட குழாயைத் தானியத்துக்குள் ஆழமாக இறக்கித் திருப்பி எடுப்பார். அதில் வந்த மணிகளைச் சல்லடையில் கொட்டிச் சலிப்பார். கீழே வெள்ளைத் தாளில் விழும் தூசியைத்தான் அவர் பார்ப்பார், மணியை அல்ல. அந்தத் தூசியில் ஏதாவது அசைகிறதா, மயிர் அடர்ந்த ஒரு தோல் கிடக்கிறதா, தெரியாத ஒரு களை விதை உருள்கிறதா என்று.

ஆயிரக்கணக்கான டன் சரக்கிலிருந்து சில கிலோ மாதிரி. வெளியே கோழிப் பண்ணை லாரிகள் காத்திருக்கின்றன, ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் கப்பலுக்கு வாடகை ஏறுகிறது. பெரம்பலூரில் ஆவணி நெருங்குகிறது. போன ஆண்டு தோற்றவர்கள் மறுபடி மக்காச்சோளமே விதைப்பதா என்று கையில் விதைப் பையோடு யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த வெள்ளைத் தாளில் ஏதாவது ஒன்று அசைந்துவிட்டால், கப்பலைத் திருப்பி அனுப்பும் துணிவு அந்த மேசையில் இருப்பவருக்கு யார் கொடுப்பார்கள்?

(தொடரும்)